கீழ்வரிசை ஏழாவது கண்ணாடி

புதிய ரயில் நிலையத்தின் கண்ணாடிச் சுவருக்குள் பதிந்திருந்த குழந்தையின் கை எட்டே மாதத்தில் ஒரு விரற்கடை வளர்ந்திருந்தது. குழந்தை இறந்து அப்போது எட்டு மாதம் ஆகியிருந்தது. கை இருந்தது ஒன்றாம் நடைமேடையில், கீழ்வரிசையில், வாசலிலிருந்து எண்ணினால் ஏழாவது கண்ணாடியில், பெரியவர்களின் முழங்கால் உயரத்தில். ரிப்பன் வெட்ட வந்த பெரிய மனிதர்கள் அவ்வளவு தூரம் குனிகிற பழக்கம் இல்லாதவர்கள் என்பதால் திறப்பு விழாவன்று அது யார் கண்ணிலும் படவில்லை. தவழ்கிற வயதுப் பிள்ளைகள் சில பார்த்துவிட்டுத் தங்கள் கையை அதன்மேல் வைத்து அளந்து பார்த்தன. அழுக்கு என்று சொல்லித் தாய்மார்கள் இழுத்துக்கொண்டு போனார்கள்.

நிலையத்தின் பெருமையே அந்தச் சுவர்தான். இரும்புத் தூண் கிடையாது, மரச்சட்டம் கிடையாது. கண்ணாடியே கண்ணாடியைத் தாங்கி நிற்கும். மூலைக்கு ஒன்றாக நாலு போல்ட், இடுக்கில் விரல் கனத்துக்குப் பசை, அவ்வளவுதான். வரிசைக்கு இருபது வீதம் ஆறு வரிசை, மொத்தம் நூற்றிருபது கண்ணாடிகள். மேலே உள்ளதன் பாரம் கீழே உள்ளதற்கு இறங்கும். கீழ்வரிசை எல்லாவற்றையும் வாங்கித் தரையிடம் கொடுக்கும். நடைமேடையில் நிற்பவருக்கு வானத்தைத் தவிர வேறெதுவும் தெரியக் கூடாது என்று வடிவமைத்தவர் சொன்னதாக விழா மலரில் போட்டிருந்தார்கள். ரயில்கள் வருகிற லட்சணத்தில் பயணிகளுக்கு வானத்தைப் பார்க்க நிறையவே நேரம் கிடைத்தது.

கண்ணாடிகளைச் செய்தது ஊருக்கு வெளியே இருந்த ஆலை. முப்பது வருடமாக ஜன்னல் கண்ணாடி செய்து பழகிய ஆலை அது. ஜன்னல் என்றால் சட்டம் உண்டு. விளிம்பிலிருந்து நாலு விரற்கடை சட்டத்துக்குள் போய்விடும். ஆகவே அந்த நாலு விரற்கடைக்குள் குமிழ் இருந்தாலும், கீறல் இருந்தாலும், ஒரு தலைமுடியே கிடந்தாலும் அங்கே யாரும் அதைக் குறை என்று சொல்வதில்லை. எந்தத் தாளிலும் எழுதாத இந்தச் சட்டம் ஆலையில் எல்லோருடைய விரலுக்கும் தெரியும். சோதனை மேசையில் இருந்தவரை ஊரே செக்கர் என்றுதான் கூப்பிடும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற மனிதர். குறை கண்டால் விளிம்போரம் நாலு விரலை வைப்பார். விரலுக்கடியில் குறை மறைந்தால் சாக்பீஸால் ஒரு டிக், மறையாவிட்டால் ஒரு பெருக்கல் குறி. சட்டமே இல்லாமல் நிற்கப்போகிற கண்ணாடிக்கும் அவர் அதே நாலு விரலைத்தான் வைத்தார். மாற்றிக்கொள்ளச் சொல்லி மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. அவரும் கையெழுத்துப் போட்டார். விரல்கள் மட்டும் படிக்கவில்லை.

அவர் மனைவி அதே ஆலையில் ஒட்டும் அறையில் வேலை செய்தாள். அவளுக்கு மூச்சடக்கி என்று பெயர் விழுந்திருந்தது. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே மெல்லிய பிளாஸ்டிக் படலத்தை விரித்து, உள்ளங்கையால் நீவி, மேல்கண்ணாடியை இறக்கி, ஒட்டியதை அழுத்தமும் சூடும் ஏறிய ஒரு பெரிய உருளைக்குள் தள்ளுவார்கள். ஆலையில் அதற்குக் குக்கர் என்று பெயர். குக்கரிலிருந்து வெளியே வந்தபின் உள்ளே மாட்டியது எதுவாக இருந்தாலும் மாட்டியதுதான், கண்ணாடி இருக்கும்வரை அதுவும் இருக்கும். படலம் விரிக்கும்போது மூச்சுக் காற்று பட்டால் கண்ணாடி பனிக்கும், பனித்தால் வீண். மற்றவர்கள் முகத்தைத் திருப்பித் திருப்பி மூச்சு விட்டுக்கொள்ளும்போது இவள் ஒரு முழுக் கண்ணாடிக்கும் ஒரே மூச்சில் விரித்து முடிப்பாள். இதற்காக ஆலை அவளுக்கு ஒரு சுவர்க்கடிகாரம் பரிசளித்திருந்தது.

ரயில் நிலைய வேலை மும்முரமாக நடந்த மாதத்தில் ஒரு நாள், குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுக்காரி எங்கோ போயிருந்தாள். ஒன்றரை வயதுக் குட்டியைக் காதும் காதும் வைத்தாற்போல் உள்ளே கொண்டுவந்து, உடை மாற்றும் இடத்தில் துணிக்கூடைக்குள் உட்கார வைத்திருந்தாள் மூச்சடக்கி. கூடையில் உட்கார்ந்திருக்கிற ரகமில்லை அது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேசையின் அந்தக் கோடியில் படலத்தை நீவிக்கொண்டிருக்கும்போது இந்தக் கோடியில் குட்டி நடந்து வந்து, எக்கி நின்று, வலது உள்ளங்கையைக் கண்ணாடியின் விளிம்பில் பளிச்சென்று பதித்துவிட்டுச் சிரித்தது. கத்தினால் மூச்சு வெளியே வரும். பத்து வருடத் தொழில் அவள் வாயைத் திறக்க விடவில்லை. அவள் கையை ஆட்டுவதற்குள் மேல்கண்ணாடி இறங்கி உட்கார்ந்துவிட்டது. குக்கரிலிருந்து வந்தபோது விளிம்போரம் பாலாடை நிறத்தில் ஐந்து விரலும் ரேகையுமாக ஒரு கை.

செக்கர் அதைப் பார்த்தார். யாருடைய கை என்று கேட்க வேண்டிய அவசியம் அவருக்கு இருக்கவில்லை. நாலு விரலை வைத்தார். குழந்தையின் உள்ளங்கை நாலு விரலுக்கடியில் கச்சிதமாக மறைந்தது. டிக் போட்டார். மனைவியின் வேலை போய்விடக் கூடாது என்று தெரிந்து விட்டாரா, முப்பது வருடப் பழக்கத்தில் விட்டாரா என்பது அவருக்கே பிடிபடவில்லை. அன்று மாலை வீட்டில் இருவரும் அதைச் சொல்லிச் சிரிக்கக்கூடச் செய்தார்கள். அவர்கள் சேர்ந்து சிரித்தது அதோடு சரி.

அடுத்த வாரம் குட்டிக்குக் காய்ச்சல். திறப்பு விழாவுக்கு ஒன்பது நாள் இருந்ததால் யாருக்கும் விடுப்பு இல்லை. மதியத்துக்கு மேல் பக்கத்து வீட்டுக்காரி ஆலை வாசலுக்கு ஓடிவந்து, "குழந்தைக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போடுது, அம்மாவத்தான் தேடுது, அவளைக் கூட்டிட்டு வாங்க" என்று செக்கரிடம் சொல்லிவிட்டுத் திரும்ப ஓடினாள். ஒட்டும் அறைக் கதவின்மேல் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சிவப்பு எரிந்தால் படலம் விரித்திருக்கிறது என்று பொருள். கதவைத் திறந்தால் தூசி போகும், கண்ணாடி வீண், நூற்றிருபதில் அதுதான் கடைசிக் கண்ணாடி. செக்கர் கதவைத் தட்டவில்லை. அவர் மட்டுமாவது ஓடியிருக்கலாம். அவளைக் கூட்டிவரச் சொன்னதால் அவளுக்காக நின்றார். நாற்பது நிமிடம் நின்றார். விளக்கு அணைந்து, அவள் வெளியே வந்து, இருவரும் ஓடிப் போனபோது பக்கத்து வீட்டு வாசலில் செருப்புகள் நிறையக் கிடந்தன.

அவள் அழுது முடித்தபின் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். எவ்வளவு நேரம் வெளியே நின்றீர்கள் என்றாள். அவர் பொய் சொல்லியிருக்கலாம். பாவம், அளவு சொல்லியே பழகிய மனிதர், நாற்பது நிமிடம் என்றார். அதற்குப் பிறகு அவள் அவரோடு பேசவில்லை. உப்பு வேண்டுமென்றால் சுவரைப் பார்த்துக் கேட்பாள். எட்டு மாதம் இப்படி ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒரு பையில் நாலு துணியைத் திணித்துக்கொண்டு, அக்கா இருக்கிற ஊருக்கே போய்விடுவது என்று ரயில் நிலையம் வந்தாள். ரயிலுக்காக நடைமேடையில் உட்கார்ந்திருந்தபோதுதான் முழங்கால் உயரத்தில் அந்தக் கை கண்ணில் பட்டது. ரேகையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஆனால் அளவு தப்பாக இருந்தது. பைக்குள்ளிருந்து ஒரு நூலை எடுத்து அளந்து பார்த்தாள். பெற்றவளுக்குத் தெரியாத அளவா? ஒரு விரற்கடை கூடுதல். ரயில் வந்தது, நின்றது, போனது. அவள் பையோடு வீட்டுக்குத் திரும்பி வந்து, எதுவும் நடக்காததுபோல உலை வைத்தாள். விட்டுப்போக நினைத்த புருஷனோடு கடைசிவரை கட்டிப்போட்டது செத்துப்போன குழந்தையின் கைதான்.

அதிலிருந்து ஞாயிறு தவறாமல் நடைமேடைச் சீட்டு வாங்கிக்கொண்டு வருவாள். கை வளர்ந்ததோடு நில்லாமல் உயரவும் செய்தது. பிள்ளைகள் வளர வளரக் கை எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்துக்கு, விளிம்பை விட்டு நடுவுக்கு, வருடத்துக்கு இத்தனை என்று கணக்காக ஏறியது. ஸ்டேஷன் மாஸ்டர் விதி தெரிந்த மனிதர். நிலைய எல்லைக்குள் உரிமையாளர் இல்லாமல் காணப்படும் எதையும் பதிவு செய்ய வேண்டும் என்பதால், பயணிகள் விட்டுச்சென்ற பொருட்களுக்கான நோட்டில், குடை இரண்டு, சாப்பாட்டுத் தூக்கு ஒன்று என்பதற்குக் கீழே, "வலது கை ஒன்று, வளர்கிறது" என்று எழுதி வைத்தார். செய்தித்தாளில் படம் வந்தது. இரண்டு வாரம் கூட்டம் நெரிந்தது. கைரேகைக்காரர் ஒருவர் வந்து ஆயுள் ரேகை தீர்க்கம் என்று சொல்லிவிட்டு, விஷயத்தைக் கேள்விப்பட்டதும் வந்த வழியே போனார். மூன்றாவது வாரம் எங்கோ வெள்ளம் வந்தது. செய்தித்தாள் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது. ஊருக்கும் பழகிவிட்டது. ரயிலுக்குக் காத்திருப்பவர்கள் அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு கடலை தின்றார்கள்.

ஐந்தாவது வயதில் ஆள்காட்டி விரல் நுனியில் நீலமாக மை ஒட்டியிருந்தது. அன்று மூச்சடக்கிக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்கு வந்து, பேசாத புருஷனின் முன்னால், "பள்ளிக்கூடம் போறா" என்று சுவரிடம் சொன்னாள். ஒன்பதாவது வயதில் நடுவிரலின் முதல் கணுவில், பேனா அழுத்துகிற இடத்தில், சின்னதாகக் காய்ப்பு. பன்னிரண்டில் மை உள்ளங்கை வரைக்கும் வழிந்திருந்தது. நிறைய எழுதுகிறவள் போலிருக்கிறது. அவளுடைய சொந்தக் கையோ ஒட்டும் அறையில் நீவி நீவித் தட்டையாகிப்போன கை. விரல் நுனிகள் வெளுத்து, ரேகை தேய்ந்து, பெருவிரலடியில் கண்ணாடி கீறிய தழும்புகள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. அந்தக் கையைக் கண்ணாடியில் படாமல் பின்னால் கட்டிக்கொண்டுதான் மகளின் கையைப் பார்ப்பாள். வேறெதுவும் அவள் கேட்கவில்லை. இந்தக் கை மட்டும் அந்தக் கைக்கு வரக் கூடாது, அவ்வளவுதான். இங்கே எல்லாம் கெட்டாலும் அங்கேயாவது ஒன்று உருப்படியாக நடக்கிறதே என்கிற ஒரே ஆறுதலில் பதினைந்து வருடம் ஓடியது. செக்கர் அத்தனை வருடத்தில் ஒருநாளும் நிலையத்துக்குள் கால் வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எதிர்ச்சாரியிலிருந்த சைக்கிள் கடை வாசலில் அவர் நின்றுகொண்டிருப்பதைப் பலர் பார்த்திருக்கிறார்கள். அவளும் பார்த்திருக்கிறாள்.

பதினாறாவது வயதில் மை காணாமல் போனது. ஒரு ஞாயிறு இல்லை. சரி, பரீட்சை முடிந்திருக்கும் என்று நினைத்தாள். அடுத்தடுத்த வாரங்களிலும் இல்லை. பேனாக் காய்ப்பு கரைந்தது. உள்ளங்கை மெல்லத் தட்டையானது. விரல் நுனிகள் வெளுத்தன. மணிக்கட்டு தடித்து நரம்பு புடைத்தது. மணிக்கணக்காக எதையோ அழுத்திக்கொண்டே இருக்கிற கை அது. அதை அடையாளம் காண மூச்சடக்கிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்து, நாலு பேர் திரும்பிப் பார்க்கிற சத்தத்தில், "அங்கயும் அதானாடி? அங்கயும் அந்த வேலைதானா உனக்கு? படிச்சிட்டுதானடி இருந்தே!" என்று கத்தினாள். வாழ்நாளில் மூச்சை விட்டுக் கத்தியது அன்று ஒருநாள்தான் என்று ஸ்டேஷன் மாஸ்டர் சொல்வார்.

மறுநாளே அவள் மனு எழுதிக் கொடுத்தாள்: ஏழாவது கண்ணாடியைக் கழற்றி உடைத்துவிட வேண்டும். மகளைக் கொல்லச் சொல்கிறாயா என்று அக்கா கடிதம் எழுதினாள். செத்தவளை எப்படிக் கொல்வது, வேலையிலிருந்து நிறுத்தத்தான் சொல்கிறேன் என்று இவள் பதில் எழுதினாள். மனு ஆறு மாதம் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. பிறகு ரயில்வேயிலிருந்து இன்ஜினியர் ஒருவர் அளவுகோலோடு வந்தார். கண்ணாடிக்குள் கடுகளவு குமிழ் அனுமதிக்கப்படும், மிளகளவு என்றால் எழுத்துபூர்வமாக விளக்கம் கேட்கப்படும். கை பற்றி விதியில் எதுவும் இல்லை என்றாலும் அது மிளகைவிடப் பெரியது என்பதில் இன்ஜினியருக்குச் சந்தேகம் வரவில்லை. மாற்றுக் கண்ணாடிக்கு உத்தரவு போனது. உத்தரவு போனது அதே ஆலைக்கு.

ஆக, மகளை விடுவிக்கும் கண்ணாடியை மூச்சடக்கியே ஒட்டினாள். அப்படி ஒரு கண்ணாடியை அந்த ஆலை அதற்குமுன் செய்ததில்லை. ஊசிமுனை அளவு புள்ளிகூட இல்லாத கண்ணாடி. சோதனை மேசைக்குப் போனது. செக்கர் அதை ஒரு பகல் முழுக்கப் பார்த்துவிட்டுப் பெருக்கல் குறி போட்டார். இரண்டாவது ஒட்டினாள். பெருக்கல் குறி. மூன்றாவது, நாலாவது. முதலாளி மேசைக்கே வந்து குறையைக் காட்டச் சொன்னபோது செக்கர் காலியான ஒரு இடத்தைச் சுட்டிக்காட்டினார். நாற்பத்தைந்து வருடம் தப்பே சொல்லாத கண் என்பதால் முதலாளி கண்ணைக் கசக்கிக்கொண்டு, "ஆமாமா, இருக்கு" என்றார். பதினோரு கண்ணாடிகள் இப்படி உடைபட்டன. ஓய்வு பெறும் வயது தாண்டியும் அவரை அனுப்ப ஆலைக்கு வேறு கண் இல்லை. பதினோராவது உடைபட்ட சாயங்காலம், பதினாறு வருடத்துக்குப் பிறகு அவள் சுவரைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"எங்க இருந்துச்சு குறை?"

"இருந்துச்சு."

"நான் ஒட்டினது. எனக்குத் தெரியாதா? எங்கன்னு சொல்லுங்க."

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "அது போச்சுன்னா என்ன இருக்கு?"

"இப்ப என்ன இருக்குங்க? ஒரு வருஷமா அழுத்திக்கிட்டே நிக்குது. கை எப்படி ஆயிடுச்சுன்னு தெரியுமா உங்களுக்கு? நீங்கதான் வந்து பாத்ததே இல்லையே."

"உடைச்சா எங்க போவா?"

"எங்கயோ போகட்டும். வேலை செய்யாம இருக்கட்டும்." அவள் அவர் முன்னால் வந்து நின்றாள். "அன்னிக்குத் திறக்க வேண்டிய கதவைத் திறக்காம தரம் பாத்தீங்க. இன்னிக்கு தரமான கண்ணாடியில குறை பாக்கறீங்க. என் பொண்ணு விஷயத்துல மட்டும் உங்களுக்கு ஏங்க எல்லாம் தலைகீழாவே தோணுது?"

அவர் ஆணியிலிருந்த சட்டையை எடுத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

பன்னிரண்டாவது கண்ணாடி வேறு ஆலையிலிருந்து வந்தது. ஒரு புதன்கிழமை முற்பகலில் ஒன்றாம் நடைமேடையைக் கயிறு கட்டித் தடுத்துவிட்டு, கண்ணாடியைப் பற்றி இழுக்கும் ரப்பர் பிடிகளை ஏழாவதில் ஒட்ட வைத்து, நாலு போல்ட்டையும் கழற்றினார்கள். கண்ணாடி அசையவில்லை. இடுக்குப் பசையையும் கத்தியால் கீறி எடுத்தார்கள். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தார்கள். மேலே இருந்த வரிசைகளிலிருந்து, நெடுநேரம் உட்கார்ந்தவர் எழும்போது முட்டி நெட்டி முறிவதுபோல ஒரு சத்தம் வந்தது. இன்ஜினியர் கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தினார். ஏதோ கருவிகளை ஒட்டவைத்துப் பார்த்தார், கணக்குப் போட்டார், மறுபடி போட்டார். ரயில்கள் அதிர்ந்து அதிர்ந்து நடைமேடையின் ஒரு கோடி ஒரு விரற்கடை இறங்கியிருக்கிறது. சுவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து, நாற்பது கண்ணாடிகளின் பாரம் ஏழாவதன்மேல் வந்து உட்கார்ந்திருக்கிறது. கணக்குப்படி அந்தக் கண்ணாடி ஒன்றரை வருடத்துக்கு முன்பே நொறுங்கியிருக்க வேண்டும். சுவரும் நடைமேடைமேல் விழுந்திருக்க வேண்டும்.

"போல்ட்டு இல்லாம எப்படி சார் நிக்குது?" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

"அந்தப் பொண்ணு தாங்குது" என்றார் இன்ஜினியர், வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

மூச்சடக்கி கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றரை வருடம் என்றதும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள்; மை காணாமல் போன அதே சமயம். மகள் எந்த ஆலைக்கும் போகவில்லை. எழுதிக்கொண்டிருந்தவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு வந்து, தினமும் அந்தச் சுவரடியில் நின்று கடலை தின்கிற நூற்றுக்கணக்கான பேர் தலையில் அது விழாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இதைக் கேட்டு அம்மாக்காரிக்குப் பெருமையாக இருந்திருக்கும் என்று பிற்பாடு ஊரில் சிலர் சொன்னார்கள். பெருமையெல்லாம் இல்லை. ஊருக்கே வயிற்றெரிச்சலோடு சாபம் கொடுத்தாள், வாய்க்குள்ளேயே.

ரயில்வே நிம்மதியாக மூச்சு விட்டது. கழற்றிய நாலு போல்ட்டுகளையும் திரும்ப மாட்டவில்லை. ஆள் இருக்கும்போது போல்ட் எதற்கு என்று கிடங்குக்கு அனுப்பினார்கள். ஓர் இரும்பு முட்டு கொடுத்தால் போதும் என்று இன்ஜினியர் எழுதினார். கண்ணாடி நிலையத்தில் இரும்பு தெரியக் கூடாது என்று வடிவமைத்தவரிடமிருந்து பதில் வந்தது. ஸ்டேஷன் மாஸ்டர், பொருட்கள் நோட்டிலிருந்து கையை எடுத்து ஊழியர் பதிவேட்டில் ஏற்றப் பார்த்தார். பதினெட்டு வயது நிரம்பாதவரை வேலைக்கு வைத்துக்கொள்வது குற்றம் என்று தலைமை அலுவலகம் திருப்பி அனுப்பியது. வேலையை நிறுத்தச் சொல்லி அதில் ஒரு வரியும் இல்லை.

கயிற்றை அவிழ்த்த அன்றே மூச்சடக்கி கண்ணாடியிடம் போனாள். அதுவரை பின்னால் கட்டியிருந்த கையை முதல்முறையாக மகளின் கைமேல் வைத்து அழுத்தினாள். முதலில் குளிர்ச்சி மட்டும்தான். பிறகு தோளில் ஏதோ இறங்கியது. நாற்பது கண்ணாடிகளின் பாரம், கொஞ்சம் கொஞ்சமாக, சந்தேகத்தோடு, அவள் பக்கம் மாறியது. முழங்கால் மடங்கியது. மூச்சைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே அந்தக் கை மெல்ல விலகியது. விரல்களை மடக்கிப் பிரித்தது. மரத்துப்போனதை உதறுவதுபோல இரண்டு முறை உதறியது. வெளுத்த நுனிகளில் ரத்தம் ஏறிச் சிவந்தது. ஒரு பாசஞ்சர் ரயில் வந்து நின்று புறப்படுகிற நேரம் தாங்கினாள். அவள் கை நடுங்கத் தொடங்கியதும் உள்ளிருந்த கை அவசரமாகத் திரும்ப வந்து ஒட்டிக்கொண்டது. மயக்கம்போல என்று யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு மறுபடி வைத்தாள்.

ஆலை வேலையை அந்த வாரமே விட்டாள். காலை முதல் ரயிலுக்கு முன்னால் வருவாள், கை ஓயும்வரை நிற்பாள். பத்து நிமிடம் அரை மணியானது, அரை மணி இரண்டு மணியானது. எத்தனையோ வருடம் கண்ணாடியை நீவிய கை; இந்த வேலைக்கென்றே செய்ததுபோல இருந்தது. அவள் நிற்கும் நேரத்தில் மகளின் கை கண்ணாடியை விட்டே போய்விடும். எங்கே போகிறாள், என்ன செய்கிறாள் என்று தெரியாது, கேட்கவும் முடியாது. திரும்பி வரும்போது ஒருநாள் சுண்டுவிரலில் மருதாணிச் சிவப்பு இருந்தது. ஒருநாள் மணிக்கட்டில் ஈரம் இருந்தது, குளித்துவிட்டு வந்தவள்போல.

செக்கர் வந்தது நாலாவது மாதம். பதினேழு வருடம் எதிர்ச்சாரியில் நின்றவர் நடைமேடைச் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே வந்தார். மூச்சடக்கிக்கு அன்று காய்ச்சல். உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தது, ஆனால் மகள் போய் ஒரு மணி நேரம்கூட ஆகாததால் கையை எடுக்க மனம் வரவில்லை. அவர் கண்ணாடியை மேலிருந்து கீழாக ஒருமுறை தொழில்முறையில் பார்த்தார். பிறகு அவள் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தார். பாரம் அவர் தோளுக்கு மாறியதை இருவருமே உணர்ந்தார்கள். அவள் கையை எடுத்துக்கொண்டு பெஞ்சில் போய்ப் படுத்தாள். மன்னிப்பு என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அவர் இடத்தில் ஒரு கல்தூண் வந்து நின்றிருந்தாலும் அப்படித்தான் படுத்திருப்பாள்.

காலை அவள், மதியத்துக்கு மேல் அவர் என்று முறை வைத்துக்கொண்டார்கள். அவரும் ஆலையை விட்டுவிட்டார். யாரும் பேசி வைத்த முறை இல்லை. கை மாற்றும் ஒரு நிமிடம் இருவர் கையும் கண்ணாடியில் அருகருகே இருக்கும். அந்த நேரத்திலும் அவள் ரயில் வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கடைசி ரயில் போனபின் பார்க்க ஆளில்லாததால் காவலாளி இரும்பு முட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுப்பார், விடிந்ததும் எடுத்துவிடுவார். மகளுக்கு இப்படி நாள் முழுக்கவும் ஓய்வு கிடைத்தது. முதலில் சாயங்காலமானால் வந்து எட்டிப் பார்ப்பாள், கண்ணாடியில் ஒருமுறை கையைப் பதித்துவிட்டுப் போவாள். பிறகு இரண்டு நாளுக்கு ஒருமுறை. பிறகு வாரத்துக்கு ஒருமுறை வந்தபோது அந்தக் கை யாருடையதோபோல் மென்மையாக, நகம் வளர்த்து, ஏழாவது கண்ணாடிக்குச் சம்பந்தமே இல்லாத கையாக இருந்தது. அவளுடைய பத்தொன்பதாவது வயதில் ஒரு வியாழக்கிழமை வந்தாள். விரல் நுனியால் கண்ணாடியை இரண்டு தட்டு தட்டினாள். பிறகு வரவில்லை.

ஸ்டேஷன் மாஸ்டர் நோட்டில் "உரிமையாளர் பெற்றுச்சென்றார்" என்று எழுதிக் கோடு போட்டார். அது நடந்து பதினோரு வருடம் ஆகிறது. ஏழாவது கண்ணாடி இப்போது சுத்தமாக இருக்கிறது, கடுகளவு குமிழ்கூட இல்லை. பாரம் மட்டும் அப்படியே இருக்கிறது. அதனால் காலையில் அவளும் மதியத்துக்கு மேல் அவரும் வருகிறார்கள். நிற்கிற இடத்தில் கால் வலிக்காமலிருக்க ரயில்வே ஒரு ரப்பர் விரிப்பு போட்டுக் கொடுத்திருக்கிறது. இருவருக்கும் தலை நரைத்துவிட்டது, இன்னும் பேசிக்கொள்வதில்லை. ஊருக்குப் புதியவர்கள் மட்டும் எப்போதாவது, கண்ணாடியில் கை வைத்துக்கொண்டு நிற்கிற கிழவியிடம் யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். போன வாரம்கூட, கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண் கேட்டாள்.

"யாருக்காகவும் இல்லம்மா. பொண்ணு வெளிய போயிருக்கா."

"எப்ப வருவாங்க?"

"எதுக்கு வரணும்?" என்றாள் மூச்சடக்கி. "உன் ரயில் வந்துடுச்சு பாரு. குழந்தையைக் கெட்டியாப் பிடிச்சுக்கோ."